பிள்ளைப் பெரட்டு

கட்சால்
1974 ஜூலை 8

அக்காவுக்கு,

இன்று திங்கள், காலை நான்கு பத்து. பெரட்டுக்களத்தில் நின்றவர்கள்: பால்வெட்டும் ஆட்கள் இருநூற்றுப் பன்னிரண்டு, பிள்ளைகள் மூன்று. பிள்ளைகளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பாய். அந்தக் கூத்தைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மற்றபடி எனக்குச் சுகம், காய்ச்சல் போய்விட்டது. நீ, அத்தான், அமுதம், மிக்கேல் எல்லாரும் சுகம்தானே? பாராடாங்கில் மழை எப்படி?

பெரட்டு என்பது சிலோனிலிருந்து வந்து குடியேறிய இந்த ஜனங்களின் வார்த்தை. விடியுமுன் வரிசையில் நின்று பெயர் கொடுத்துவிட்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போவது. இங்கே போலீஸ் அவுட்போஸ்டில் பக்தவத்சலம் என்று ஒரு ஹெட் கான்ஸ்டபிள் இருக்கிறார். ஆர்க்காட்டுப் பக்கத்து ஆள். தீவுக்கு வந்து பதினைந்து வருஷமாகி, பாதி இந்தியும் பாதி தமிழுமாகப் பேசுகிறார். திருட்டே இல்லாத ஊரில் போலீசுக்கு என்ன வேலை? பிள்ளை வளர்க்கக் கிளம்பிவிட்டார்.

சிவஞானம் என்று ஒரு பால்வெட்டி, அபின் தின்கிறவன். பெண்டாட்டி செத்துவிட்டாள். மூன்று பிள்ளைகள், மூத்தவள் ருக்கு. ரேஷன் அரிசியை விற்று அபின் தின்றான். பிள்ளைகள் காட்டில் பொறுக்கிய பச்சைக் கொட்டாங்காயைத் தின்று வயிற்றுப்போக்கில் கிடந்தன. நான் ஹெட்டாக இருந்தால் அவனைப் பிடித்து போர்ட் பிளேருக்குக் கப்பல் ஏற்றுவேன், பிள்ளைகளை மெயின்லாண்டில் ஒரு மடத்தில் சேர்ப்பேன். ஒரு கப்பலில் முடிகிற காரியம். இவர் கூட்டம் போட்டார். எஸ்டேட் டாக்டர், நீலாவதி டீச்சர், லயத்து வரிசை வீட்டுப் பெண்கள், எல்லாருக்கும் டீ. ராத்திரிக்கு ஒரு வீடு என்று முறை வைத்து அந்தப் பிள்ளைகளுக்குச் சோறும் படுக்கையும் கொடுப்பதாக முடிவு. காலையில் பெரட்டில் ஹெட் பெயர் கூப்பிடுவார். பிள்ளை எல்லார் முன்னாலும், "ஆஜர். இன்னார் வீடு. சாப்பிட்டேன்" என்று சொல்ல வேண்டும். மூன்றும் சொல்லும்வரை வரிசை கலையாது.

போன வாரம் கடைசிப் பயலைக் காணோம். இருநூறு பேர் கத்தியும் கையுமாக நிற்கிறார்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுபோகும். அது ஹெட்டுக்கும் தெரியும். பையன் ஓடையில் இறால் பிடித்துக்கொண்டிருந்தான். அன்றைக்குப் பால் பாதிதான். "ஒரு பயலுக்காக எத்தனை டின் போச்சு, கணக்கு இருக்கா?" என்று கேட்டேன். "அரே மிஸ்திரி, பால் நாளைக்கும் வரும்" என்கிறார். டிப்ளமா வாங்கி எஸ்டேட் மெஷின்களைப் பார்க்கிறவனை மிஸ்திரி என்கிற ஆளிடம் வேறு என்ன எதிர்பார்ப்பது?

அபின்காரன் பிள்ளை நாளைக்கு அபின்காரன்தான். தேய்ந்துபோன பேரிங்கைக் கழுவித் துடைத்துத் திரும்ப மாட்டுகிற வேலை இது.

தம்பி,
அல்போன்ஸ்


பாராடாங்
2-8-74

சேசு மரி சூசை துணை

தம்பி அல்போன்சுக்கு அக்கா ரோசலின் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. உனக்குக் காய்ச்சல் விட்டது என்று வாசித்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மழையில் நனைந்த சட்டையோடு ஜெனரேட்டர் பக்கத்தில் நிற்காதே. இங்கே நாங்கள் நான்கு பேரும் ஆண்டவர் கிருபையால் இருக்கிறோம்.

அத்தான் இளைத்திருக்கிறார். கேம்பில் மரம் சாய்க்கும்போது அடிபடுகிற ஆட்கள் அதிகம், மருந்தறையை விட்டு வர நேரமாகிறது. வீட்டுக்கு வந்தாலும் மருந்துப் பெட்டி கூடவே வருகிறது. அமுதம்தான் அவருக்குக் கூடமாட. சின்னச் சட்டியில் ஊசியைக் கொதிக்க வைத்து எடுத்துக் கொடுக்கிறாள், ரப்பர் குழாயை இழுத்துப் பிடித்துக்கொள்கிறாள். பத்து வயதுக்கு நல்ல சூட்டிகை என்று அத்தான் சொல்கிறார். அந்த நேரத்தில் என்னை உள்ளே விடுவதில்லை, அவளைத்தான். மிக்கேல் என் சேலையை விடுவதே இல்லை. நான் எழுந்தால் எழுகிறான். பேச்சு குறைந்துவிட்டது.

நீ எழுதிய காரியத்தை இரண்டு தடவை வாசித்தேன். அந்தப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ள தகப்பன் கையெழுத்து வாங்கினார்களா? தாய் மட்டும் சொன்னால் போதுமா? தகப்பன் மேல் கேஸ் எழுதுவார்களா? வேறு தீவுப் பிள்ளைகள் என்றால் சேர்ப்பார்களா? ஹெட் வீட்டு அம்மாவின் பெயர் என்ன? சும்மா தெரிந்துகொள்ளத்தான். இந்தக் காட்டில் பொழுது போக வேறு என்ன இருக்கிறது.

அங்கே பூசைக்கு எப்போதாவது சாமியார் வருகிறாரா? வந்தால் போ.

உன் அக்கா,
ரோசலின்


கட்சால்
1974 ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

கப்பல் இந்த மாதம் ஒரு வாரம் தாமதம். நான் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுது.

உனக்கும் இந்தப் பைத்தியம் ஒட்டிக்கொண்டதா? கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். கையெழுத்து ஒன்றும் கிடையாது. தாய் சொன்னால் போதும். தாய் இல்லாவிட்டால் அடுத்த வீட்டுக்காரி சொன்னாலும் ஓடுவார். கேஸ் எழுதுவதில்லை. "கேஸ் எழுதினா அப்பன் ஓடுவான், புள்ளை தேடும்" என்கிறார். வேறு தீவா? அவரிடம் போலீஸ் வயர்லெஸ் இருக்கிறது, அந்தமான் பூராவும் பிள்ளை பொறுக்கச் சொன்னால் அதற்கும் தயார்தான். அவர் சம்சாரம் பெயர் விசாலாட்சி. இந்தக் கூத்துக்கெல்லாம் மூளை அந்த அம்மாள்தான், தொப்பி மட்டும் இவருடையது.

இதில் சட்டதிட்டம் வேறு. முறைவீட்டில் பிள்ளையிடம் தகப்பனைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது. வேலை வாங்கக் கூடாது. மிச்சம் மீதி போடக் கூடாது. ஒரு வீடு பிடிக்கவில்லை என்று பிள்ளை சொன்னால் காரணம் கேட்காமல் வேறு வீடு. எனக்கு எந்த வீடு பிடிக்கும் என்று ஒருவன் கேட்டதில்லை.

அந்தச் சிவஞானத்துக்கு என்ன தண்டனை தெரியுமா? டாக்டர் அளவு எழுதிக் கொடுக்க, ஹெட் அபினைத் துப்பாக்கி அலமாரியில் பூட்டி வைத்து, தினம் சாயங்காலம் அவன் உள்ளங்கையில் வைக்கிறார். வாரா வாரம் கொஞ்சம் குறைத்து. அதற்கப்புறம் பிள்ளைகளோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசலாம். போலீஸ் கையால் அபின். நான் நேராகவே அவனிடம் கேட்டேன், "வெட்கமாக இல்லையா உனக்கு?" என்று.

"இருந்ததுங்க. அதையுந்தான் வித்துத் தின்னுப்புட்டேன்" என்றான். பிறகு என் எண்ணெய்க் கையைப் பார்த்து, "ஒங்க மெசினு என்னாங்க, எண்ணெ இல்லாமலா ஓடுது?" என்றான். வாய்க்குக் குறைச்சல் இல்லை.

அமுதம் ஊசி கொதிக்க வைக்கிறாள் என்று எழுதினாயே, அதுதான் வளர்ப்பு. பத்து வயதில் ஒரு தொழில் கைக்கு வருகிறது. அத்தானிடம் நான் பாராட்டியதாகச் சொல். மிக்கேலைச் சேலையிலிருந்து பிரித்து வெளியே விரட்டு. ஆம்பிளைப் பிள்ளை இப்படியா?

அல்போன்ஸ்


பாராடாங்
21-9-74

சேசு மரி சூசை துணை

தம்பிக்கு,

உன் சுகத்துக்கு எழுது. இங்கே மழை விடவில்லை, துணி காய்வதில்லை. மிக்கேலுக்கு இருமல்.

ஒன்று கேட்கிறேன், உன்னோடு வைத்துக்கொள். இங்கே கேம்பில் ஒருவர், அபின் இல்லை, ஊசி. வலிக்குப் போடுகிற பெத்திடின் மருந்து. முதலில் அவர் முதுகு அடிபட்டபோது போட்டது, இப்போது அது இல்லாமல் கை நடுங்குகிறது. தினம் நான்கு தடவை. மருந்து இல்லாத நாளில் அவர் மனிதராக இல்லை. அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு நம் அமுதத்தின் வயது. போன வாரம் ஊசி உடைந்துவிட்டது என்று அந்தப் பிள்ளையின் கையைக் கொதிக்கிற சட்டிக்கு மேல் பிடித்திருக்கிறார். சுடவில்லை. பிடித்துவிட்டு விட்டுவிட்டார்.

ஊசிக்காரருக்கும் அந்த டாக்டர் அளவு குறைத்துக் கொடுப்பாரா? அந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்யலாம் என்று உன் ஹெட்டிடம் கேட்டு எழுது. பெயர் சொல்லாமல் கேள். அத்தானிடம் இதைப் பற்றி எழுதாதே.

அக்கா


கட்சால்
1974 அக்டோபர் 14

அன்புள்ள அத்தான் தாமஸ் அவர்களுக்கு அல்போன்ஸ் வணக்கம்.

நான் நலம். தாங்கள், அக்கா, பிள்ளைகள் நலம் அறிய ஆவல். மிக்கேல் இருமல் எப்படி இருக்கிறது? முதுகுவலி தேவலையா?

சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் கேம்பில் எவனோ ஒருவன் பெத்திடின் ஊசி போட்டுக்கொள்கிறான் என்று அக்கா எழுதியிருக்கிறாள். பெயர் சொல்ல மாட்டேன் என்கிறாள். தங்களிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாள். பெண்களின் பயம் தெரிந்ததுதானே. அடுத்த வீட்டு ரகசியத்தைக் காப்பாற்றப் போய் தங்கள் உத்தியோகத்துக்கு ஆபத்து வரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மருந்து தங்கள் பொறுப்பு. குறைந்தால் கேள்வி தங்களைத்தான் கேட்பார்கள்.

மருந்தறைப் பூட்டை உடனே மாற்றுங்கள். ஊசிமருந்து ஆம்பூலை எண்ணி வையுங்கள். கேம்பில் கை நடுங்குகிறவன் யார் என்று பார்த்தால் ஆள் அகப்பட்டுவிடுவான். அகப்பட்டதும் கேம்பை விட்டுத் துரத்துங்கள். இங்கே ஒரு ஹெட் கான்ஸ்டபிள் இப்படிப்பட்டவனுக்குச் சோறு போட்டுத் தாலாட்டுகிறார். அந்த வழி வேண்டாம். பெற்ற பிள்ளையின் கையைக் கொதிக்கிற சட்டிக்கு மேல் பிடிக்கிறவன் மனுஷனே இல்லை.

அக்காவை இதில் தலையிட வேண்டாம் என்று கண்டித்து வையுங்கள்.

தங்கள் மைத்துனன்,
அல்போன்ஸ்


பாராடாங்
5-11-74

அன்பு மைத்துனன் அல்போன்சுக்குத் தாமஸ் எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்து மிக்க மகிழ்ச்சி அடைந்தோம். குடும்பத்தில் படித்த ஒருவன் இருப்பது எத்தனை பலம் என்று ரோசலினிடம் சொன்னேன். உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன். பூட்டை மாற்றியாகிவிட்டது.

ரோசலின் ஈரப் படியில் வழுக்கி விழுந்து கையைச் சுளுக்கிக்கொண்டாள். கொஞ்ச காலம் எழுத முடியாது. கவலைப்பட ஒன்றுமில்லை, வைத்தியம் நானே பார்க்கிறேன். பிள்ளைகள் நலம். இனிமேல் கடிதங்களைக் கேம்ப் ஆபீஸ் விலாசத்துக்கு, என் பெயருக்கே போடு. பத்திரமாகக் கிடைக்கும்.

ஒரு உதவி. இங்கே பெத்திடின் ஸ்டாக் தீர்ந்துவிட்டது. மரம் விழுந்து துடிக்கிற ஆட்களைப் பார்க்கச் சகிக்கவில்லை. அங்கே டிஸ்பென்சரியில் உனக்குப் பழக்கம் இருக்குமே. இரண்டு பெட்டி கிடைத்தால் கப்பலில் தெரிந்த ஆள் கையில் கொடுத்து அனுப்பு. சீக்கிரம் அனுப்பு. ஒரு பெட்டியாவது அனுப்பு.

இப்படிக்கு,
தாமஸ்


கட்சால்
1974 நவம்பர் 23

அக்காவுக்கு,

நான் நலம். கை எப்படி இருக்கிறது? மிக்கேல் இருமல் விட்டதா? அவனுக்கு முன்பல் விழுந்திருக்க வேண்டுமே. அமுதம் பள்ளிக்கூடம் போகிறாளா? இங்கே மழை. எஸ்டேட் லாரியின் கியர் பெட்டியை இறக்கி வைத்திருக்கிறேன்.

அத்தானுக்கு என் வணக்கம். அவர் கேட்ட பொருள் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

முடிந்தபோது ஒரு வரி எழுது.

அல்போன்ஸ்


போர்ட் பிளேர்
19-12-74

சேசு மரி சூசை துணை

தம்பி அல்போன்சுக்கு அக்கா எழுதுவது. கை கூடிவிட்டது, எழுத முடிகிறது. நான் வழுக்கி விழவில்லை. இந்தக் கடிதத்தை யாரும் பிரிக்க மாட்டார்கள். அத்தான் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நான் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது?

கேம்பில் ஒருவர் என்று எழுதினேன். முதுகில் அடிபட்டவர் என்றும் எழுதினேன். அந்த ஆளைத் துரத்தச் சொன்ன அதே காகிதத்தில் நீ அத்தானுக்கு முதுகுவலி தேவலையா என்று கேட்டிருக்கிறாய். இன்ஜினில் ஒரு சத்தம் மாறினால் தூக்கத்திலும் கேட்கும் என்பாய். நானும் சத்தம் போட்டுத்தான் எழுதினேன் என்று நினைத்தேன்.

உன் கடிதத்தை அத்தான் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்து எங்கள் மூன்று பேருக்கும் வாசித்தார். மனுஷனே இல்லை என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தார். அமுதத்தைப் பார்த்து, "உன் மாமா ரொம்பக் கெட்டிக்காரன்" என்றார். அதன்பிறகு என் கை. பேனாவையும் காகிதத்தையும் எடுத்துப் பூட்டினார்.

ஆனால் நான் விசாலாட்சி அக்காவுக்குச் செப்டம்பரிலேயே எழுதியிருந்தேன். அதற்குத்தான் உன்னிடம் பெயர் கேட்டேன். உன்னிடமிருந்து உருப்படியாகக் கிடைத்தது அந்தப் பெயர் ஒன்றுதான். பதிலை எங்கள் பக்கத்து வீட்டு ராஞ்சிக்காரி விலாசத்துக்குப் போடச் சொன்னேன். ஹெட் வயர்லெஸ்ஸில் பாராடாங் அவுட்போஸ்டுக்குப் பேசியிருக்கிறார். அந்த வயர்லெஸ்ஸின் பேட்டரிக்கு நீதான் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தாயாம். உனக்குச் சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன்.

டிசம்பர் முதல் வாரம் அத்தான் கேம்புக்குப் போனபிறகு ஒரு போலீஸ்காரரும் ராஞ்சிக்காரியும் வந்தார்கள். "சல், பேட்டா", வா மகனே என்று மிக்கேலைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். அன்றைக்கு அவள் வீடு, மறுநாள் ஒரு பெங்காலி வீடு, அடுத்து படகுக்காரர் வீடு. உன் கட்சாலில் செய்கிற மாதிரியேதான். அத்தானிடம் ஜெயிலா ஆஸ்பத்திரியா என்று கேட்டார்கள். அவர் வெகுநேரம் அழுதுவிட்டு ஆஸ்பத்திரி என்றார். நான் அவர் கூட இருக்கிறேன். எத்தனை நாள் என்று டாக்டருக்கே தெரியவில்லை. பாதியில் அவர் எழுந்து போனாலும் போகலாம். போனால் பிள்ளைகளைத்தான் முதலில் தேடுவார். அதனால் அவர்கள் இங்கே இருக்கக் கூடாது.

நீலாவதி டீச்சர் லீவு முடிந்து இந்தக் கப்பலில் திரும்புகிறார். அமுதமும் மிக்கேலும் அவர் கூட வருகிறார்கள். ஹெட் வீட்டில் இறங்குவார்கள், உன் வீட்டில் இல்லை. நான்தான் அப்படி ஏற்பாடு செய்தேன். கோபம் வந்தால் உன் லாரியிடம் காட்டு, அவர்களிடம் காட்டாதே.

கிறிஸ்துமஸுக்கு உனக்கு ஒரு துண்டு அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்கா,
ரோசலின்


கட்சால்
1975 ஜனவரி 5

அக்காவுக்கு,

பிள்ளைகள் வந்து சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பேருக்கும் காய்ச்சல் கீய்ச்சல் ஒன்றுமில்லை. கப்பலில் மிக்கேல் மட்டும் வாந்தி எடுத்திருக்கிறான், இப்போது சரி. உன் கை உண்மையாகவே கூடிவிட்டதா? அத்தான் எப்படி இருக்கிறார்? இதை மனதாரக் கேட்கவில்லை. ஆனாலும் கேட்கிறேன், எழுது.

நவம்பரில் நான் முதலில் எழுதியது அந்த வெறும் கடிதம் அல்ல. அத்தான் ஒரு பெட்டியாவது அனுப்பு என்று கெஞ்சியதை வாசித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. எஸ்டேட் டாக்டரிடம் காட்டினேன், அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். அன்றைக்கே நான்கு பக்கம் அத்தானுக்கு எழுதினேன். அக்கா மேல் கை பட்டால் அடுத்த கப்பலில் வந்து உன் இரண்டு கையையும் ஒடிப்பேன் என்று ஆரம்பம். அவுட்போஸ்ட் தபால் பையில் போடப் போனபோது ஹெட் பிரித்து வாசித்தார். வாசித்து முடித்து நிதானமாகக் கிழித்தார்.

"இது போய்ச் சேர பத்து நாள், மிஸ்திரி. நீ போய்ச் சேர இருபது நாள். நடுவுல உங்க அக்கா என்ன பண்ணும்?" என்றார். பிறகு மிக்கேலின் பல், கியர் பெட்டி எல்லாம் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்போதே அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரைப் பற்றி நான் உனக்கு எழுதியவை எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்தால் இன்னமும் எரிச்சல்தான் வருகிறது, இப்போது வேறு காரணத்துக்காக.

ஜெட்டிக்குப் பிஸ்கட்டோடு போயிருந்தேன். அமுதம் என்னைப் பார்த்தாள். மிக்கேல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீச்சருக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். வீட்டுக்குப் போனதும் விசாலாட்சி அம்மாளிடம் ஒரு சின்னச் சட்டி கேட்டாளாம். எதற்கு என்றதற்கு, "ஹெட் மாமா ஊசி எத்தனை மணிக்குப் போடுவாங்க?" என்று கேட்டிருக்கிறாள். அந்த அம்மாள் அதை என்னிடம் சொன்னார். இதற்குத்தான் நான் பாராட்டு அனுப்பினேன்.

மறுநாள் பெரட்டு. சிவஞானத்தின் மூன்று பிள்ளைகளும் சொல்லி முடித்தார்கள். அமுதம், "ஆஜர். ஹெட் வீடு. சாப்பிட்டேன்" என்றாள், மனப்பாடச் செய்யுள் மாதிரி. மிக்கேல் வாயைத் திறக்கவில்லை. வரிசை நின்றது. கிழக்கே வெளுத்தது. எல்லாரும் கத்தியைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றார்கள். சொல்லித் தொலையேண்டா என்று கத்த வாய் வந்தவன் அங்கே ஒருவன்தான், அது நான். என் பக்கத்தில் சிவஞானம் நின்றான். "பொறுங்க, தொரை. மெசினு இல்லையே, புள்ள" என்றான் மெதுவாக. அவனிடம் எனக்குப் பாடம். ருக்கு தன் இடத்தை விட்டு வந்து மிக்கேல் பக்கத்தில் நின்றாள். "நானும் மொத நாளு பேசலடா. தலைய மட்டும் ஆட்டு, போதும்" என்றாள். ஆட்டினான். ஹெட், "டீக் ஹை, சரி, ஆஜர்" என்றார். வரிசை கலைந்தது. அன்றைக்குப் பால் எத்தனை டின் குறைந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

அப்புறம் ஹெட்டிடம் போய், என் வீட்டையும் முறையில் போடுங்கள், நான் தாய்மாமன் என்றேன். "தாய்மாமனுக்குத் தனி வரிசை இல்ல. புள்ளை சம்மதிக்கணும்" என்றார். என் எதிரிலேயே அமுதத்தைக் கேட்டார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "மாமாதான் அப்பாகிட்ட சொன்னது. வேண்டாம்" என்றாள். காரணம் கேட்கக் கூடாது என்பது சட்டம். அவள் கேட்காமலே சொல்லிவிட்டாள். இந்தப் பிள்ளைக்கு விளங்கியது எனக்கு விளங்கவில்லை என்றால் நான் வாங்கிய டிப்ளமாவை எதைத் துடைக்கப் பயன்படுத்துவது?

விசாலாட்சி அம்மாள் நேற்று திரும்பப் பேசிப் பார்த்திருக்கிறார். ஒரு ஏற்பாடு ஆகியிருக்கிறது. அதைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். நான் செய்யப்போவது இவை:

1. தினம் பெரட்டுக்குப் போய் ஹெட் காட்டுகிற இடத்தில் நிற்பேன்.

2. அத்தானைப் பற்றிப் பிள்ளைகளிடம் எதுவும் கேட்க மாட்டேன், ஊராரிடம் எதுவும் பேச மாட்டேன். அவரைப் பற்றி என் அபிப்பிராயம் மாறவில்லை. அது என்னோடு இருக்கும்.

3. அவரிடமிருந்து கடிதம் வந்தால் பிரிக்காமல் ஹெட்டிடம் கொடுப்பேன். அவரே கப்பலில் வந்து இறங்கினால் ஹெட்டைக் கூப்பிடுவேன், ஸ்பானரை எடுக்க மாட்டேன்.

4. சிவஞானத்தின் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் அவனோடு இருக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அவன் கூரையில் இரண்டு தகரம் ஓட்டை. மாற்றிக் கொடுப்பேன். மாற்றும்போது கீழே நின்று ஏதாவது சொல்வான். சொல்லட்டும்.

5. செவ்வாய் மத்தியானம் மிக்கேல் மட்டும் என் வீட்டுக்குச் சாப்பிட வருகிறான். அவனைக் கொண்டுவந்து விட்டு, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை அமுதம் வெளியே நிற்பாளாம். அவள் சொன்ன நிபந்தனை. கதவைத் திறந்தே வைப்பேன். அவள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவனை உட்கார வைப்பேன். அவளுக்கும் ஒரு தட்டில் சோறு போட்டு வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். வா என்று கூப்பிட மாட்டேன்.

அல்போன்ஸ்